முப்பத்தொரு நாளும் பன்னிரண்டு மாதமும்

துபாய் விமான நிலையத்தின் டியூட்டி ஃப்ரீ நிறுவனம் 1999 முதல் நடத்திவரும் பத்து லட்சம் டாலர் குலுக்கலில், ஒரு தொடருக்கு 5,000 சீட்டுகளே உள்ளன என்பதால், ஒரு சீட்டு வைத்திருப்பவரின் நிகழ்தகவு, அதாவது அவர் எதிர்பார்க்கும் விளைவு நேர்வதற்கான வாய்ப்பு, 5,000-இல் 1 என்று எவரும் சொல்லிவிடலாம். 2024 டிசம்பரில் முதல் குலுக்கலை நடத்திய யுஏஇ லாட்டரியின் ‘லக்கி டே’ ஆட்டமோ வேறு வகை. 1 முதல் 31 வரையுள்ள நாள்களில் ஆறையும் 12 மாதங்களில் ஒன்றையும் வாங்குபவரே குறிக்க வேண்டும். ஏழும் பொருந்தினால் 10 கோடி திர்ஹாம் என்பது அறிமுகத்தின்போது இருந்த விதி.

இங்கே உதவுவது சேர்மானம், அதாவது வரிசையைப் பொருட்படுத்தாமல் ஒரு தொகுதியிலிருந்து சிலவற்றை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்னும் கணக்கு. முதல் எண்ணுக்கு 31 வழிகள் உண்டு; எடுத்த எண் மீண்டும் வராததால் அடுத்தடுத்த எண்களுக்கு அது 30, 29, 28, 27, 26 எனக் குறைய, அனைத்தையும் பெருக்கினால் 53,01,22,320 கிடைக்கும். ஆனால் 4, 9, 15, 18, 23, 30 ஆகிய எண்கள் எந்த வரிசையில் வந்தாலும் பரிசு ஒன்றே; ஆறு எண்களை 6×5×4×3×2×1, அதாவது 720 விதமாக வரிசைப்படுத்தலாம் என்பதால், ஒரே தேர்வு அந்தப் பெருக்கலில் 720 முறை எண்ணப்பட்டுவிடுகிறது. 720-ஆல் வகுத்தால் 7,36,281 சேர்மானங்கள். அவை ஒவ்வொன்றோடும் 12 மாதங்களில் எதுவும் சேரலாம் என்பதால் மொத்தம் 88,35,372. பிறந்த நாள்களைக் குறித்தாலும், 1 முதல் 6 வரை வரிசையாகக் குறித்தாலும் வாய்ப்பு இதில் ஒன்றே.

அறிமுகத்தின்போது இருந்த 50 திர்ஹாம் சீட்டு விலையில், எல்லாச் சேர்மானங்களையும் வாங்க 44 கோடி திர்ஹாமுக்கு மேல் வேண்டும். அது அந்த 10 கோடிப் பரிசைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம். ஒரே அறையில் தங்கும் பத்துப் பேர் பணம் போட்டுப் பத்து வெவ்வேறு சீட்டுகள் வாங்கினால் வாய்ப்பு பத்து மடங்காகும், பங்கும் பத்தில் ஒன்றாகும்; ஆளுக்கொரு சீட்டு வாங்குவதைவிட இதில் சராசரி ஆதாயம் கூடுவதில்லை.

ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்திலிருந்து எடுத்து மீண்டும் மீண்டும் சீட்டு வாங்கத் தூண்டுவது, பெரும்பாலும், பாதி எண்கள் பொருந்திவிடும் நாள்தான். வந்த ஆறில் சரியாக மூன்றைக் குறித்திருப்பதற்கு 20 வழிகளும், வராத 25-இல் எஞ்சிய மூன்றைக் குறித்திருப்பதற்கு 2,300 வழிகளும் இருப்பதால், பெருக்கினால் வருவது 46,000. 7,36,281-இல் இது ஏறத்தாழ பதினாறில் ஒன்று. ‘இன்னும் மூன்றுதானே’ என்று அன்று தோன்றினாலும், மூன்று பொருந்தும் 46,000 சேர்மானங்களுக்கு எதிரே ஆறும் பொருந்துவது ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பிறகும் மாதம் பொருந்த வேண்டும்.