கன்றின் வயிறு பெருத்தலும் அதற்குரிய பரிகாரமும்

நாயாறு, செம்மலை, அளம்பில், குமுழமுனை முதலிய இடங்களிலுள்ள கமக்காரர் பலர் நெல் வயலோடும் தோட்டத்தோடும் எருமையும் பசுவும் வைத்திருப்பவர்களாவர். அவர்களுடைய பட்டிகளிலே, பிறந்து ஒரு மாதம் சென்ற கன்றொன்று, வயிறு பானைபோலத் திரண்டு தொங்க, கால்கள் குச்சிபோல் மெலிந்து நிற்பதைக் காணலாம். கன்று நன்றாகப் பால் குடித்துக் கொழுத்துவிட்டதென்று மகிழ்வோர் உளர். வயிறு பெருத்துவிட்டதென்று பாலையும் தீனியையும் குறைப்போரும் உளர். இவ்விருவகையாரும் கன்றை இழக்க நேரிடும். ஏனெனில் இத்தகைய கன்று பெரும்பாலும் பட்டினி கிடக்கும் கன்றேயாகும்.

வயிற்றைப் பார்த்துக் கன்றின் நிலையை அறிதல் கூடாது. முதுகெலும்பின்மேலும் விலாவின்மேலும் கையை வைத்துத் தடவிப் பார்த்தல் வேண்டும். எலும்பு கூராகக் கைக்குத் தட்டுப்படுமாயின், வயிறு எவ்வளவு பெரிதாயிருப்பினும் அக்கன்று மெலிந்ததே. உரோமம் பளபளப்பின்றிச் சிலிர்த்து நிற்றல், சாணம் களிமண் நிறமாகிக் கடும் நாற்றம் வீசுதல், கண்ணிமையின் உட்புறம் வெளுத்தல் ஆகியனவும் கவனிக்கத் தக்கன. இடப்பக்க வயிறு மாத்திரம் சில மணி நேரத்துள் ஊதி, தட்டினால் மேளம்போல் ஒலிக்குமாயின் அது வேறு நோய். வயிற்றுப் பொருமல் எனப்படுவது. அதற்குத் தாமதியாது மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும்.

எருமைக் கன்றுகளில் இந்நிலைக்கு முதன்மையான காரணம் பெரிய உருண்டைக் குடற்புழுவாகும். இது ஓரடி நீளம் வரை வளர வல்லது. இப்புழு கன்றினுள்ளே புகும் வழி வியக்கத்தக்கது. தாயெருமை மேய்ச்சலோடு விழுங்கிய முட்டைகளிலிருந்து வெளிப்படும் நுண்புழுக்கள் அதன் உடற்றசைகளில் ஒடுங்கிக் கிடக்கின்றன. தாய்க்கு அவற்றால் யாதொரு துன்பமும் தோன்றாது. கன்று ஈன்றவுடன் அவை பாலிலே இறங்கிக் கன்றின் குடலை அடைந்து, ஏறக்குறைய மூன்று வாரத்தில் முதிர்ந்து முட்டையிடத் தொடங்குகின்றன. ஆகவே கொட்டிலை எவ்வளவு துப்புரவாக வைத்திருந்தாலும் கன்றுக்குப் புழு வருதல் கூடும். தாய்க்கு மருந்து கொடுப்பதால் இதனைத் தடுத்தல் அரிது. பாலில் புழு உண்டென்று கேட்டுக் கடும்புப்பாலை நிறுத்திவிடுதலோ பெருந்தவறு. நோயை எதிர்க்கும் வலிமை கன்றுக்கு அப்பாலிலிருந்தே கிடைக்கின்றது; பிறந்த சில மணி நேரத்துள் அதனை வயிறாரக் குடிக்க விடுதல் வேண்டும்.

மருந்து கொடுக்கும் நாளே இங்கு முக்கியமானது. இலங்கையில் எருமைக் கன்றுகளிடத்து நடத்தப்பெற்று 1990-ஆம் ஆண்டளவில் வெளிவந்த ஆராய்ச்சிகள், கன்று பிறந்த 10-ஆம் நாளுக்கும் 16-ஆம் நாளுக்கும் இடையில் பைரன்டல் என்னும் மருந்தை ஒரு முறை கொடுத்தாற் போதுமென்று காட்டின. அந்நாட்களில் பால்வழிப் புழுக்கள் யாவும் குடலை அடைந்திருக்கும்; ஆயினும் முட்டையிடும் பருவம் எய்தியிரா. வயிறு தொங்கியபின் மருந்து தேடுவோர் காலம் தாழ்த்தியவராவர். மிகப் பல புழுக்கள் ஒருங்கே இறந்து குடலை அடைத்தலுங் கூடுமாதலால், பிந்திய கன்றுக்கு மிருக வைத்தியரின் ஆலோசனையின்றி மருந்து கொடுத்தல் ஆகாது. அளவு கன்றின் நிறைக்கேற்ப அவரால் விதிக்கப்படும். கன்று ஈன்ற நாளைக் கொட்டிற் கப்பில் கரியால் எழுதிவைப்பது சிறு வேலைதான். பட்டி பெருத்தவிடத்து அதுவே நினைவுக்கு உதவும். பயிருக்குத் தெளிக்கும் பூச்சி மருந்தைக் கன்றுக்குப் புகட்டுதல் கொலைக்கு ஒப்பாகும் என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

மற்றொரு காரணம் தீனி. தயிருக்கென்று தாயின் பாலைக் கடைசிச் சொட்டு வரை கறந்துவிட்டுக் கன்றை வைக்கோற் போரண்டையில் கட்டிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இளங்கன்றின் இரைப்பை வைக்கோலைச் செரிக்கும் ஆற்றலை இன்னும் பெறவில்லை. உண்ட வைக்கோல் உள்ளே தங்கி வயிற்றைத் தள்ளுகின்றது. தசை வளர்வதற்கு வேண்டிய சத்து அதில் இல்லை. கன்றின் நிறையில் பத்திலொரு பங்கு பால் நாடோறும் வேண்டும். 30 கிலோ நிறையுள்ள கன்றுக்கு இது 3 லீற்றராகும். தயிர்ச் சட்டி ஒன்று குறையும் என்பது மெய்யே. ஆயினும் இறந்த கன்றின் தாய் பலவேளை பாலைச் சுரக்க மறுக்குமாதலால், அவ்வழியே போகும் சட்டிகள் பலவாகும். இரண்டாம் வாரந்தொட்டு இளம் புல்லும், தவிட்டோடு எள்ளுப் பிண்ணாக்கோ தேங்காய்ப் பிண்ணாக்கோ கலந்து ஒரு பிடியும், நல்ல நீரும் வைத்துப் பழக்குதல் நன்று. வைக்கோலை வளர்ந்த மாட்டுக்கு ஒதுக்குக.

இது கன்றுக்கு மாத்திரம் உரியதன்று. நெடுந்தீவில் ஒல்லாந்தர் காலந்தொட்டுப் பெயர்பெற்ற மட்டக் குதிரையின் இனமாயினும், வேறெந்தக் குதிரையாயினும், சத்தற்ற காய்ந்த புல்லை மிகுதியாகத் தின்று புரதம் பெறாவிடின் அதன் வயிறு தொங்கி முதுகு வற்றும். அங்கும் பட்டினி போடுதல் பரிகாரமன்று. நல்ல புல், புழு மருந்து, நாடோறும் நடை ஆகியனவே வேண்டும்.

தோட்டஞ் செய்வோருக்கு ஒரு வார்த்தை. இப்புழுவின் முட்டை தடித்த ஓடுடையது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். கன்றுச் சாணத்தைப் பச்சையாகப் பாத்தியிலிட்டு, அவ்வரம்பிற் புல்லையே மாட்டுக்கு அறுத்துப் போட்டால் தாயின் உடலுக்குப் புழு மீண்டும் திரும்புகின்றது. சாணத்தைக் குழியிற் குவித்து, இலைகுழை சேர்த்து மூடி, சூடேறி மக்கியபின் இடுக. மாரியில் சேறாகும் பட்டியிலிருந்து கன்றுகளைப் பிரித்து மேட்டுநிலத்திற் கட்டுதலும் அவசியம்.

ஐயமுள்ள கன்றின் அன்றைய சாணத்திற் சிறிதளவைத் துப்புரவான போத்தலிலிட்டு மூடி, வெயில் ஏறுமுன் மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு செல்க. கன்று பிறந்த நாளையும் அங்கே கூறுக.