அகல உழுதலும் வேண்டும்

அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள். பயிருக்கு அது சரி. மொழி கற்பதற்கு அகல உழுதலும் வேண்டும்.

ஏலப்பாறை, பீர்மேடு தோட்டங்களில் நம்ம பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளமோ ஆங்கிலமோ படிக்கிறார்கள். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையே இருக்கிறது. ஆனால் கல்லூரியில் தமிழ் எடு என்றால், "பேச வரும், வாசிக்க வராதே" என்று ஒதுங்குகிறார்கள்.

வாசிப்பு இரு வகை. ஒரு பக்கத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் காண்பது ஆழ்ந்த படிப்பு. எளிய புத்தகங்களைக் கதை ருசிக்காக நிறைய வாசிப்பது அகன்ற படிப்பு. பள்ளியில் துணைப்பாடம் வைத்தது இதற்காகத்தான். அதையும் கேள்வி பதிலாக்கி விட்டோம்.

டாக்காவில் கல்வி அதிகாரியாக இருந்த மைக்கேல் வெஸ்ட், 1920களில் வங்காளப் பிள்ளைகளுக்காக ஆங்கில வாசகங்கள் தயாரித்தார். புதுச்சொல்லைக் குறைவாகப் புகுத்தி, புகுத்தியதைத் திரும்பத் திரும்ப வரச் செய்தார். நம்மவர் கரும்புத் தோட்டத்துக்குப் போன அதே பீஜியில், 1980இல் கிராமப் பள்ளிகளில் வகுப்புக்கு 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வகுப்புகள் மற்றவற்றைவிட வேகமாக முன்னேறின.

காரணம் எளிது. ஒருமுறை பார்த்த சொல் மனசில் நிற்காது. பத்து இடத்தில் சந்தித்தால் பழகிவிடும். பாடத்தை இரண்டாம் முறை கேட்டால் பிழை பெரிதும் குறையும் என்று எங்கள் சமண முனிவர் பவணந்தியார் நன்னூலில் சொல்லியிருக்கிறார்.

புத்தகம் தேர்வதற்கும் கணக்கு உண்டு. அகராதி இல்லாமல் வாசிக்க, நூறு சொல்லில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பால் நேஷன் போன்றோர் முடிவு. அதற்குக் குறைந்தால் மூடிவைத்து, இன்னும் எளியதை எடுக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கல்லூரியில் ஸ்பானிஷ் படிப்பவனுக்குச் சொல் எண்ணிக்கைப்படி எழுதிய கதைகள் கிடைக்கின்றன. வளர்ந்த பிள்ளைக்குத் தமிழில் அப்படிப்பட்டவை குறைவு. 2015இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவரில் நிலைவாரியாகப் பிரித்த தமிழ்க் கதைகள் இலவசம். அவை சிறுவருக்கானவை என்றாலும் எழுத்துக் கூட்டும் தடை நீங்க உதவும். பிறகு வார இதழ்ச் சிறுகதை, அப்புறம் நாவல்.

தினம் அரை மணி போதும். பரீட்சை வேண்டாம், பிடிக்காத புத்தகத்தை விட்டுவிடட்டும். ஊர்தோறும் நம் சங்கங்கள் எளிமை வரிசையில் ஒரு அலமாரி புத்தகம் வைக்கட்டும். பேச்சுத் தமிழ் என்ற முதல் பிள்ளைகளிடம் இருக்கிறது. அதை முடக்கிப் போடாமல் பெருக்குவது நம் கையில்.