குளிர் வந்தா கேஸ் விலை ஏறுமா? டிப்ஸை நம்பும் முன் 3 கேள்விகள்

தருமபுரி அருகே வத்தல்மலையில் மார்கழிக் குளிர் நடுங்க வைக்கும். ஆனாலும் கம்பளியும் விறகு அடுப்பும்தான் துணை. நம்ம ஊரில் கேஸ் சமையலுக்குத்தான். அப்படியிருக்க, ‘குளிர்காலம் வருது, நேச்சுரல் கேஸ் வாங்கிப் போடுங்க’ என்று வாட்ஸ்அப்பில் வரும் டிப்ஸ் எந்தக் குளிரைச் சொல்கிறது?

அமெரிக்கக் குளிரை! எம்சிஎக்ஸ் சந்தையில் நேச்சுரல் கேஸ் விலை, அமெரிக்காவின் ‘ஹென்றி ஹப்’ விலையை ஒட்டியே நகர்கிறது. அங்கே கிட்டத்தட்ட பாதி வீடுகளைச் சூடாக்குவது இந்த கேஸ்தான்.

சரி, டிப்ஸில் என்ன ஓட்டை?

1. டிசம்பரில் குளிரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த எதிர்பார்ப்பு குளிர்கால கான்ட்ராக்ட் விலையிலேயே முன்கூட்டி சேர்ந்திருக்கும்.

2. குளிர் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக இருக்குமா? அதுதான் கேள்வி.

3. கிடங்குகளில் இருப்பு எவ்வளவு? நிறைய இருந்தால், குளிரடித்தாலும் விலை பெரிதாக ஏறாது.

2022-ல் நடந்ததைப் பாருங்க. உக்ரைன் போர் சூட்டில் ஆகஸ்டில் விலை 9 டாலரைத் தாண்டியது. ஆனால் 2023 ஜனவரியில் குளிர் குறைவு. நடுக் குளிர்காலத்திலேயே 3 டாலருக்குக் கீழே சரிந்தது.

எம்சிஎக்ஸில் ஒரு பெரிய லாட் என்பது 1,250 யூனிட். வாங்கியவருக்கு விலை 10 ரூபாய் இறங்கினாலே 12,500 ரூபாய் நஷ்டம். மார்ஜின் மட்டும் கட்டி இறங்குவதால், போட்ட பணத்துக்கு மேலேயும் போகலாம்.

அடுத்த முறை டிப்ஸ் வந்தால், ‘குளிருமா?’ என்று கேட்காதீங்க. ‘மத்தவங்க நினைச்சதைவிட அதிகமா குளிருமா?’ என்று கேளுங்க. அதற்குப் பதில் இல்லையென்றால் அது முதலீடு இல்லை, பந்தயம்.