இன்வர்ட்டர் பாட்டரியை இடம் மாற்றப் போகிறீர்களா?

கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் நிற்கக் கூடாது என்பதற்காகவே பலர் இன்வர்ட்டர் வாங்குகிறோம். எங்கள் வீட்டில் அதன் பாட்டரி கம்ப்யூட்டர் டேபிளை ஒட்டியே இருந்தது. லெட்-ஆசிட் பாட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது எளிதில் தீப்பிடிக்கும் வாயு என்பதால் பாட்டரிக்குக் காற்றோட்டமான இடம் தேவை. எனவே பாட்டரியை மட்டும் பால்கனிக்குக் கொண்டு போனேன். இன்வர்ட்டர் பழைய இடத்திலேயே இருந்தது. இடையில் 4 மீட்டர் தூரம். ஏ.சி. பாயிண்ட் போட்டபோது மிஞ்சிய 4 சதுர மி.மீ. செம்பு ஒயரால் இரண்டையும் இணைத்தேன். என்ஜினியரிங் படித்தவன் என்ற தைரியம்!

அன்று மாலை கரண்ட் போனது. அரை மணி நேரத்திலேயே 'லோ பாட்டரி' அலாரம் அடித்து, கம்ப்யூட்டர் அணைந்தது. அப்பா டைப் செய்துகொண்டிருந்த குடியிருப்போர் சங்கக் கணக்கு சேவ் ஆகவில்லை. அதைவிட மோசம், ஒயரைத் தொட்ட அப்பா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அப்படி ஒரு சூடு. பாட்டரியிலோ சார்ஜ் நிறையவே இருந்தது.

எங்கே தவறு?

கம்ப்யூட்டர் 200 வாட், இரண்டு ஃபேன் 150, இரண்டு டியூப் லைட் 80. மொத்தம் 430 வாட். இது 230 வோல்ட்டில் 2 ஆம்பியருக்கும் குறைவு. ஆனால் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து எடுக்கும்போது, இன்வர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால், சுமார் 45 ஆம்பியர்!

போக 4, வர 4 என்று மின்சாரம் 8 மீட்டர் ஒயரில் ஓடுகிறது. என் ஒயரில் இதனால் இழந்தது சுமார் 1.6 வோல்ட். பாட்டரியில் 12.1 வோல்ட் இருந்தாலும் இன்வர்ட்டருக்குக் கிடைப்பது 10.5 தான். பாட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அது நின்றுவிடுகிறது. இழந்த மின்சாரம், 70 வாட்டுக்கு மேல், ஒயரில் சூடாக மாறுகிறது. அதே தூரத்துக்கு 25 சதுர மி.மீ. கேபிள் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும்.

என்ன செய்யலாம்?

1. இன்வர்ட்டரையும் பாட்டரியோடு சேர்த்து நகர்த்துங்கள். நீட்ட வேண்டியது 230 வோல்ட் ஒயரைத்தான். அதில் ஆம்பியர் குறைவு. அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். நானும் இப்போது இதைத்தான் செய்திருக்கிறேன்.

2. பாட்டரியை மட்டும்தான் மாற்ற முடியும் என்றால், 25 சதுர மி.மீ. செம்பு கேபிள் வாங்குங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியம் வேண்டாம். முனைகளில் லக் வைத்து, கிரிம்பிங் டூலால் இறுக்கச் சொல்லுங்கள். பாட்டரியின் பாசிட்டிவ் முனை அருகே ஃபியூஸ் அவசியம்.

3. கழற்றும் முன் இன்வர்ட்டரை ஆஃப் செய்து, பிளக்கையும் எடுத்துவிடுங்கள். முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். மோதிரம், வளையல் கையில் இருக்கக் கூடாது. ஸ்பேனர் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொட்டால் தீப்பொறி பறக்கும்.

4. வேலை முடிந்ததும் லோடு ஓடும்போது மல்டிமீட்டரால் பாட்டரி முனையிலும் இன்வர்ட்டர் முனையிலும் வோல்ட் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிளோ இணைப்போ சரியில்லை.

இவ்வளவும் செய்த பிறகும், கரண்ட் போனதும் 'கண்ட்ரோல் + எஸ்' அழுத்த மறக்காதீர்கள். அப்பா இப்போது மறப்பதே இல்லை.