கொட்டத் தெரியாது... ஆனாலும் பறவைகள் பயப்படும்! தேனீ வேஷம் போடும் ஈ

உடம்பெல்லாம் புசுபுசுவென முடி. கறுப்பு நிறம், பின்பக்கம் மட்டும் செக்கச்செவேல். ஐரோப்பாவில் கோடைக்காலத்தில் பூக்களில் உட்கார்ந்திருக்கும் இதைப் பார்த்தால், 'ஐயோ, தேனீ!' என்று கையை இழுத்துக்கொள்வீர்கள். பயப்படவே வேண்டாம். அது தேனீயே இல்லை, ஈ!

பெயர் வோலுசெல்லா பாம்பிலான்ஸ். பறந்தபடியே அந்தரத்தில் அசையாமல் நிற்கும் 'ஹோவர்ஃப்ளை' குடும்பத்தைச் சேர்ந்தது. இதற்குக் கொடுக்கும் கிடையாது, விஷமும் கிடையாது. பூந்தேனும் மகரந்தமும்தான் சாப்பாடு.

பிறகு எதற்கு இந்த வேஷம்? குளிர்ப் பிரதேசங்களில் வாழும் குண்டுத் தேனீயான 'பம்பிள்பீ' கொட்டினால் வலி உயிர்போகும். ஒருமுறை கொட்டு வாங்கிய பறவை, அதே நிறத்தில் எதைப் பார்த்தாலும் ஒதுங்கிப்போகும். அந்தப் பயம்தான் இந்த ஈயின் முதலீடு. பசுத்தோல் போர்த்திய புலியைக் கேள்விப்பட்டிருப்போம். இது புலித்தோல் போர்த்திய பசு!

ஒரே ஈ, இரண்டு சட்டை

இதில் இன்னோர் ஆச்சர்யம். பம்பிள்பீக்களில் சிவப்பு வால், வெள்ளை வால் எனப் பல வகைகள் உண்டு. இந்த ஈயும் சளைக்கவில்லை. ஒரே இனத்தில் சில ஈக்கள் கறுப்பு உடலும் சிவந்த வாலுமாக இருக்கும். சில ஈக்கள் மஞ்சள் பட்டையும் வெள்ளை வாலுமாக இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* தேனீக்கு நான்கு இறக்கைகள்; ஈக்கு இரண்டுதான்.
* தேனீயின் உணர்கொம்பு நீளமானது; ஈயின் உணர்கொம்பு குட்டையானது, இறகு போன்ற மயிர் கொண்டது.
* ஈயின் கண்கள் முகத்தின் பெரும்பகுதியை அடைத்திருக்கும்.

பிரசவமும் அங்கேதான்!

தாய் ஈ முட்டையிடுவது பம்பிள்பீயின் கூட்டுக்குள்! பொரிந்து வரும் புழுக்கள் கூட்டின் அடியில் சேரும் குப்பையையும் செத்துக்கிடக்கும் தேனீக்களையும் தின்று வளர்கின்றன. ஒருவகையில் துப்புரவுப் பணி.

தேனீ இல்லாவிட்டால்?

நிஜமான தேனீ இருக்கும்வரைதான் போலிக்கு மரியாதை. கொட்டுவதற்கு ஆள் இல்லையென்றால், பறவைகளுக்கு அந்த நிறத்தின் மேல் பயம் எப்படி வரும்? முட்டையிடக் கூடுதான் எங்கே கிடைக்கும்?

இது வெறும் கற்பனை இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1930-களுக்குப் பிறகு காட்டுப்பூக்கள் நிறைந்த புல்வெளிகளில் சுமார் 97 சதவிகிதம் காணாமல்போய்விட்டது. கடந்த நூற்றாண்டில் பிரிட்டன் இரண்டு பம்பிள்பீ இனங்களையும் இழந்தது. நம் ஈ பின்பற்றுவது இன்னும் பரவலாக இருக்கும் இனங்களை என்பதால், இப்போதைக்குத் தப்பித்திருக்கிறது.

ஒரு தேனீ இனம் அழிந்தால் போவது தேனீ மட்டுமில்லை. அதன் கூட்டையும், அது தரும் கொட்டையும் நம்பிப் பிழைக்கும் உயிர்களும் சேர்ந்தே ஆட்டம் காணும்.