ஒளித்து வைத்த பத்திரமும் ஓராண்டுக் கெடுவும்

தாய்ப்பத்திரத்தைக் காட்டுமாறு நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் எதிர்த்தரப்பு காட்டாவிட்டால் அது அவமதிப்பு ஆகாதா, உடனே சிறைக்கு அனுப்ப முடியாதா என்ற கேள்வி தென்காசி, செங்கோட்டை, பண்பொழிப் பகுதி வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அவமதிப்பு மனுவுக்கு 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு ஓராண்டுக் கெடு விதித்திருப்பதால், வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கிக்கொண்டு காத்திருப்போர் இதில் தெளிவு பெறத் தாமதிக்க இயலாது.

செங்கோட்டை வட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது என்பதால், பண்பொழி வயல் ஒன்றின் உரிமையைத் தேடிச் செல்பவர் திருவிதாங்கூர் காலத்துக் காகிதங்கள் வரை செல்ல வேண்டியிருக்கலாம். பதிவான பத்திரத்திற்குச் சார்பதிவகத்தில் நகல் கேட்கலாம். பதிவாகாத குடும்ப ஏற்பாட்டுச் சீட்டும், குத்தகைக் கணக்கும், ரசீதும் யார் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றனவோ அவர் கையில்தான் பாகப்பிரிவினை வழக்கின் போக்கே இருக்கிறது.

உத்தரவை வேண்டுமென்றே மீறுவதே உரிமையியல் அவமதிப்பு என்று சட்டம் வரையறுக்கிறது. நீதிமன்றத்தின் மாண்பைக் காப்பதே இதன் நோக்கம் என்று சொல்லப்படுகிறது. ஆனால் வழக்காடுபவருக்கு வேண்டியது மாண்பு அல்ல, பத்திரம். கீழமை நீதிமன்ற உத்தரவு மீறப்பட்டாலும் இச்சட்டப்படி தண்டிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்திற்கே உண்டு என்பதால் மனுவோடு மதுரைக் கிளைக்குச் செல்ல வேண்டும்; அதிகபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும்தான்.

இதைவிட வலிய கருவி விசாரணை நீதிமன்றத்திடமே இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11-ஆம் கட்டளைப்படி, தம்மிடமுள்ள ஆவணங்களைப் பட்டியலிட்டுப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யுமாறு ஒரு தரப்பு கேட்கலாம். அந்த உத்தரவை மீறுபவர் வாதியானால் 21-ஆம் விதியின் கீழ் வழக்கு தள்ளுபடியாகலாம், அதே வழக்குமூலத்தில் மீண்டும் வழக்கிடவும் முடியாது. பிரதிவாதியானால் அவரது எதிருரை நீக்கப்படலாம். ஆயினும் பாபர் தையல் இயந்திர நிறுவன வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம், மீறல் வேண்டுமென்றே நிகழ்ந்தது எனத் தெளிவானால் மட்டுமே, அதுவும் கடைசி வழியாகவே, இத்தண்டனையை விதிக்கலாம் என்றது. நியாயமான எச்சரிக்கைதான் என்றாலும், "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லிச் சொல்லியே ஆண்டுகளைக் கடத்துபவருக்கும் அதே எச்சரிக்கை அரணாகிவிடுவது கவலைக்குரியது.

ஆகவே அந்தப் பிரமாணப் பத்திரத்தின் உண்மையான மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஆவணம் தம்மிடம் உள்ளதென ஒருவர் சத்தியம் செய்துவிட்டுப் பிறகு காட்ட மறுத்தால், அது வெளிவந்திருந்தால் அவருக்கே பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்திலும் தொடர்கிறது. மெய்ப்பிக்கும் பொறுப்பு தம்மீது இல்லை என்று சொல்லியும் ஒருவர் இதிலிருந்து தப்ப முடியாது என்பதைக் கோபால் கிருஷ்ணாஜி கேத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-லேயே நிறுவியது. யாரையும் சிறைக்கு அனுப்பாமல், மறைத்தவரின் மௌனத்தையே மறுதரப்பின் சான்றாக மாற்றும் இந்த ஏற்பாட்டைப் பல வழக்குகளில் கேட்டுப் பெறவே எவரும் முனைவதில்லை.

தடையாணை மீறப்பட்டால்? அதே நீதிமன்றம் 39-ஆம் கட்டளை 2அ விதியின் கீழ்ச் சொத்தை முடக்கலாம், மூன்று மாதம் வரை உரிமையியல் சிறையிலும் வைக்கலாம்.

ஓராண்டு எதற்கு? மனுவைத் தாக்கல் செய்ய. ஆண்டுக்குள் தாக்கலானால் போதும் என்று 2001-இல் பல்லவ் சேத் வழக்கில் தீர்ப்பானது.

மன்னிப்பு? உளமார்ந்ததாக இருந்தால் ஏற்கலாம்.

மேல்முறையீடு? தண்டனை பெற்றவருக்கு 19-ஆம் பிரிவில் உண்டு. மனு தள்ளுபடியானவருக்கு அப்பிரிவில் இல்லை.