கல்லைத் தின்னும் உப்பு

பழைய வீடுகளின் செங்கல் சுவரில், தரையை ஒட்டி வெண்மையான தூள் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரலால் தேய்த்தால் தூளோடு காரையும் உதிரும். சுவரில் உப்புப் பூத்துவிட்டது என்பார்கள். எகிப்தில் 3,300 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய சிற்பச் சுவர்களை அழித்து வருவதும் இதே உப்புதான்.

நைல் நதியின் கிழக்குக் கரையில் லக்சர் கோயில் உள்ளது. இதன் பெரும்பகுதியை கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அமென்ஹோதெப் என்னும் மன்னர் மணற்கல்லால் கட்டினார். அங்கே 14 பெரிய தூண்களைக் கொண்ட ஒரு மண்டபம் இருக்கிறது. கர்னாக் கோயிலிலிருந்து ஆமுன் தெய்வம் லக்சருக்கு எழுந்தருளும் ஓபெத் திருவிழாவை, துத்தங்காமன் காலத்துச் சிற்பிகள் அதன் சுவர்களில் செதுக்கினர். பிற்காலத்தில் சுவர்களின் மேற்பகுதிகளைப் பெயர்த்து வேறு கட்டடங்களுக்குப் பயன்படுத்திவிட்டனர். 1950களிலும் 1960களிலும் சுற்றுப்புறத்தைத் தோண்டியபோது அக்கற்கள் துண்டு துண்டாகக் கிடைத்தன. கோயில் வளாகத்தில் இப்படிச் சேர்ந்தவை சுமார் 50,000.

மண்ணுக்குள் பல நூற்றாண்டுகள் தாங்கிய கல், வெளியே எடுத்த சில ஆண்டுகளில் பொடியாவது ஏன்? மணற்கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, நிலத்தடி நீர் இத்துளைகள் வழியே மேலேறுகிறது. அதில் உப்பு கரைந்திருக்கிறது. வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். துளைகளுக்குள் உப்புப் படிகங்கள் வளரும்போது, அவை மணல் துகள்களை நெருக்கித் தள்ளுகின்றன. ஈரமும் வறட்சியும் மாறி மாறி வர, கல்லின் மேற்புறம் செதில் செதிலாக உரிகிறது. சிற்பம் இருப்பதோ அந்த மேற்புறத்தில்தான்! கல் எஞ்சும்; கதை போய்விடும்.

1970இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிந்தபின் ஆண்டு முழுவதும் பாசனம் நடந்தது. நிலத்தடி நீரும் உயர்ந்தே நின்றது. ஊரின் கழிவுநீரும் அதனுடன் கலந்தது.

ஆகவே, சுவரை மீண்டும் எழுப்புமுன் கல்லைக் காப்பாற்ற வேண்டும். முதல் வேலை, துண்டுகளை ஈரத் தரையிலிருந்து தூக்குவது. நீர் ஏறாத படலம் வைத்துக் கட்டிய செங்கல் மேடைகளில் அவற்றை அடுக்குகிறார்கள். தொட்டாலே உதிரும் கற்களுக்கு எத்தில் சிலிக்கேட் என்னும் திரவத்தைப் பூசுகிறார்கள். இது துளைகளுக்குள் ஊறி, ஈரத்துடன் வினைபுரிகிறது. உண்டாகும் ஆல்கஹால் ஆவியாகிவிட, மிஞ்சும் சிலிக்கா துகள்களை இணைக்கிறது. மணலும் பெரும்பாலும் சிலிக்காவே என்பதால் கல்லுக்கு இது அந்நியப் பொருளன்று.

அடுத்து, எந்தத் துண்டு எந்த இடத்துக்கு உரியது என்று கண்டறிய வேண்டும். 1924 முதல் லக்சரில் பணிபுரியும் சிக்காகோ பல்கலைக்கழகக் குழுவினர் இதற்குப் பொறுமையான வழியைக் கையாளுகின்றனர். சிற்பத்தைப் புகைப்படம் எடுத்து, அந்தப் படத்தின் மீதே கோடுகளை வரைந்து, சுவரின் எதிரே நின்று ஒவ்வொரு கோட்டையும் சரிபார்க்கிறார்கள். சுவர் முதலில் காகிதத்தில் எழுகிறது. அதன்பின், புதிய செங்கல் சுவரில் துண்டுகள் தத்தம் இடத்தில் பொருத்தப்படுகின்றன. அமென்ஹோதெப்பின் முற்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளைச் சேர்த்து ஒரு காட்சியை இவ்வாறு மீட்டிருக்கிறார்கள். சிற்பம் இல்லாத இடங்களைப் புதிதாகச் செதுக்கி நிரப்புவது முறையன்று. எது பழையது, எது புதியது என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

நிலத்தடி நீரைத் தாழ்த்தும் வடிகால் திட்டமும் 2006இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் இதிலும் ஓர் இக்கட்டு உண்டு. நீர் இறங்கிச் சுவர் உலரும்போது, உள்ளே தேங்கிய உப்பு வெளிப்பட்டுப் படிகமாகிறது. நோய்க்குத் தரும் மருந்தே சிறிது காலம் வலியை மிகுதியாக்குவதுபோல! அதனால் சுவர்களை ஆண்டுதோறும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

சுவரை எழுப்பியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. நீரையும் உப்பையும் அடக்கி வைத்திருக்கும் வரைதான் ஓபெத் திருவிழா அக்கல்லில் நிலைத்திருக்கும்.